ஓர் எண்ணைச் சொல்லுங்கள்

இஸ்திரிப் பலகைமேல் ஐம்பத்தொன்பது அட்டைகள்.
மேசை இல்லாமல் இல்லை,
அதன்மேல் ஸ்திஸ்லாவாவின் ஈரக் குடை,
ஆறிப்போன முட்டைக்கோஸ் சூப்பு.
ப்ருனோவில் நவம்பர் இரவு. ஜன்னலுக்குக் கீழே
பகலெல்லாம் நான் ஓட்டிய டிராம்
வேறொருத்தி கையில் கிறீச்சிட்டு வளைகிறது.
விடிந்தால் போட்டி. ஐந்தே முக்கால் ரயிலில் ஒலொமோட்ஸ்.

சாம்பல்நரி நான்கு. இதில் பேச்சே இல்லை.
கசாப்புக்காரி நான்கு. மணியடிப்பவன் நான்கு.
நரி தனியாக வந்தால் வெறும் நரி.
கசாப்புக்காரி தனியாக வந்தால் வேலையில்லாத கத்தி.
மணியடிப்பவனோ தும்மினால் விழுவான்.
மூவரும் ஒருமுறை என் பக்கம் உட்கார்ந்துவிட்டால்
நரி சாகும், மணி அடிக்கும்,
எதிராளிக்கு ஓர் உயிர் குறையும்,
மணிச் சத்தத்தில் நரி எழும்,
மறுபடி சாகும்.

இதற்கு முடிவே கிடையாது.
ஆனால் விதிப்புத்தகம் முடிவில்லாததை ஒப்புக்கொள்ளாது.
நடுவர் வந்து நிற்பார்: "ஓர் எண்ணைச் சொல்லுங்கள்."
இருபது என்றாலே போதும், இருப்பதே இருபது உயிர்.
சிலர் கோடி என்பார்கள், தொண்டை கிழிய.
நான் என் வண்டியின் எண்ணைச் சொல்வேன்,
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தாறு,
அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற அதே குரலில்.

முதல் ஏழு அட்டைக்குள் ஒரு நரியாவது வர
நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு.
அதனால் மோப்பச் சிறுமி,
நரியைத் தேடிப் பிடித்துக் கொடுப்பவள், அவளும் நான்கு.
இப்போது அறுபத்தைந்து.
மிச்சமுள்ள முப்பத்தைந்தில்தான்
நான் வழக்கமாகக் குடியிருக்கிறேன்.

பொன்னிறகு நாகத்தை வெளியே எடுத்தேன்.
கிறிஸ்துமஸ் வாரத்து ஓவர்டைம் காசு அது,
விளக்கில் சாய்த்தால் செதில் செதிலாக மின்னும்.
ஐந்து பேர் செத்த பிறகுதான் களமிறங்கும்.
"ஐந்து பேர் செத்தாலே நீ ஜெயித்தாயிற்றே," என்றாள் ஸ்திஸ்லாவா,
"கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது
மொய் எழுத வருகிற ஆள் இது."
உறைக்குள் போட்டேன். பிறகு ஒருமுறை
எடுத்துப் பார்த்தேன்.

அறுபதாவது இடம் காலி.

அவள் எனக்கு எதிரே தன் வெள்ளை டெக்கோடு அமர்ந்தாள்.
நரியைக் கொல்லவில்லை. கொன்றால்தானே எழும்.
நாடு கடத்தினாள்.
ஆட்டத்துக்கு வெளியே, சூப்புக் கிண்ணத்துக்கு அந்தப் பக்கம்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நரிகள்.
கரணம் தப்பினால் மரணம்.
மணியடிப்பவன் மணியைப் பிடித்தபடி நிற்கிறான்,
யாரும் சாகவில்லை.

இரண்டு மணிக்கு, பழைய ஷூ பெட்டியின் அடியிலிருந்து
ஓர் ஆட்டிடையனை எடுத்துச் செருகினேன்.
இரண்டு பலம், இரண்டு உடம்பு.
அட்டையின் கீழ்ப்பாதியில் ஒரு வார்த்தை இல்லை.
எந்தச் சங்கிலியிலும் அவன் கண்ணியில்லை.
ஸ்திஸ்லாவா ஒன்றும் சொல்லாமல் பல் துலக்கப் போனாள்.

ஒலொமோட்ஸ், மூன்றாம் சுற்று. விளையாட்டரங்கில் ரப்பர் வாடை.
எதிரே வாவ்ரினெட்ஸ், பதினாறு வயது, பல்லில் கம்பி.
நான்கு நரிகளையும் நாடு கடத்திவிட்டு
நாகரிகமாகக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினான்.
அதற்கப்புறம் அவன் கையில் ஒன்றுமில்லை,
என் கையிலும் ஒன்றுமில்லை,
ஆட்டிடையன் மட்டும் நடந்தான்.
இருபது, பதினெட்டு, பதினாறு.
பக்கத்து மேசைகள் எழுந்து டீ குடிக்கப் போயின.
பன்னிரண்டு. பத்து.
சலிப்பில் பையன் கொட்டாவி விட்டான், நானும்.
நான்கு. இரண்டு.

கை குலுக்கினோம். நடுவர் தூரத்தில்
யாருடைய தண்ணீர் பாட்டிலையோ துடைத்துக்கொண்டிருந்தார்.
எண் கேட்க யாரும் வரவில்லை.

நான்காம் சுற்றில் தோற்றேன், ஐந்திலும்.
ஜெயித்ததாகவே தோன்றவில்லை அந்த ஒரே ஜெயமும்.
திரும்பும் ரயிலில் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து
ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்,
ஆயிரத்து எழுநூற்று முப்பத்தாறு.
எதிர் இருக்கைக்காரர் தன் பயணச்சீட்டை எடுத்து
இருக்கை எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார்.